மைட்டர் வாள்: ஆயர் தொப்பியிலிருந்து மூலைவெட்டு வரை

பாகை என்றால் தமிழில் இரண்டு பொருள். ஒன்று தலையில் கட்டுவது, இன்னொன்று கோணத்தை அளப்பது. தலைப்பாகையில் இருக்கும் பாகையும் 45 பாகையில் இருக்கும் பாகையும் ஒலியில்தான் ஒன்று. முன்னது இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'பாக்' என்ற தலைக்கட்டுச் சொல்லுக்கு உறவு. பின்னது 'பாகம்' என்பதன் உறவு, அதாவது வட்டத்தை 360 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த இரண்டு பாகைகளும் ஒரு மரவேலைக் கருவியின் பெயரில் வந்து முட்டிக்கொள்கின்றன. அந்தக் கருவிதான் மைட்டர் ஸா.

கருவியைப் பார்த்திராதவர்களுக்கு: தட்டையான ஒரு மேடை, அதன் மேல் கைப்பிடியோடு இறங்கும் வட்ட வாள். 10 அங்குலம் அல்லது 12 அங்குலம் விட்டமுள்ள வாள்தான் பெரும்பாலும் கிடைக்கும். மரச்சட்டத்தை மேடையில் வைத்துப் பின்பக்கக் கட்டையோடு அணைத்துப் பிடித்து, வாளை மேலிருந்து கீழே இறக்கினால் ஒரே வெட்டு. வாளை இடம் வலமாகத் திருப்பி வேண்டிய கோணத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் நான்கு மூலைகளும் 45 பாகையில் சந்திக்கின்றனவே, அந்தச் சந்திப்புக்குப் பெயர்தான் மைட்டர். அதை வெட்டும் வாள் மைட்டர் ஸா. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் எழுத்துக் கூட்டுவதில் வேறுபட்டாலும் சொல் ஒன்றே.

அது எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'மித்ரா' என்றால் தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை. ஹோமரின் காவியத்தில் அதே சொல் போர்வீரன் இடுப்பில் கட்டும் கச்சையைக் குறிக்கும். ஆகக் கட்டுவதுதான் அடிப்படைப் பொருள், எங்கே கட்டுகிறோம் என்பது பிறகு. லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 11ஆம் நூற்றாண்டு வாக்கில் ரோமில் கிறிஸ்தவ ஆயர்கள் (பிஷப்புகள்) அணியத் தொடங்கிய உயரமான தொப்பிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆயர் தொப்பியை முன்னால் நின்று பார்த்தால் இரண்டு சாய்ந்த விளிம்புகள் உச்சியில் கூடுவது தெரியும். மரச்சட்டத்தின் இரண்டு சாய்ந்த முனைகளும் அப்படித்தான் கூடுகின்றன. அந்த ஒப்புமையால்தான் தச்சர்கள் இப்பெயரை வைத்திருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பு அகராதிகளின் கருத்து.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் யாத்திராகமம் 28ஆம் அதிகாரம், தலைமைக் குரு ஆரோனின் உடைகளைப் பட்டியலிடும் இடத்தில், இதே மைட்டர் இருக்கிறது. தமிழில் அங்கே உள்ள சொல் 'பாகை'. எனவே மைட்டருக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று வேதாகமத்தைக் கேட்டால் பாகை என்று சொல்லும். அந்த வாளை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் புத்தகத்தைக் கேட்டாலும் பாகை என்றே சொல்லும்!

இந்தப் பொருத்தத்தில் மயங்கிப் 'பாகை வாள்' என்று பெயர் வைத்துவிடலாம் என எனக்கே ஒரு நாள் தோன்றியது. ஆனால் சிலேடை வேறு, கலைச்சொல் வேறு. தொப்பியை மொழிபெயர்ப்பதால் வெட்டு விளங்காது. இதற்கு மருத்துவத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வை 16ஆம் நூற்றாண்டில் உடற்கூற்றியல் அறிஞர் வெசாலியஸ் ஆயர் தொப்பிக்கு ஒப்பிட்டார். அதனால் அது மைட்ரல் வால்வு ஆனது. தமிழ்ப் பாடநூல் தொப்பியைத் தொடவில்லை. இரண்டு இதழ் இருக்கிறது, எனவே ஈரிதழ் வால்வு. எவ்வளவு தெளிவு!

மரவேலைக்கும் அந்த வழியே போவோம். முதலில் நினைவுக்கு வருவது 'சாய்வெட்டு'. ஆனால் இந்தக் கருவியில் இரண்டு வகை வெட்டு உண்டு. வாள் நிமிர்ந்தே நின்று இடமோ வலமோ திரும்பி, பலகையின் முகத்தில் குறுக்காக ஓடுவது ஒன்று. அதுதான் மைட்டர். வாளே ஒருபக்கம் சரிந்து, பலகையின் தடிமனைச் சரிவாக அறுப்பது மற்றொன்று. அது பெவல். உண்மையில் சாய்வது பெவலில்தான். சாய்வெட்டு என்ற பெயர் அதற்கே உரியது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் வாளும் உண்டு. கூரையோரம் ஒட்டும் அலங்காரச் சட்டத்துக்கு 31.6 பாகை திருப்பி 33.9 பாகை சாய்க்கச் சொல்லும் கணக்கெல்லாம் அந்த வகைக்குத்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாவம், படிக்கிறவர் மரம்தான் வீணாகும்.

'கோணவெட்டு' எனலாமா? கணக்குப்படி சரி. ஆனால் தச்சரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். வெட்டு கோணலாகிவிட்டது என்று குறை சொல்வதாகவே காதில் விழும்.

என் தேர்வு மூலைவெட்டு. காரணம் பட்டறையிலேயே இருக்கிறது. செங்கோணம் பார்க்கும் கருவிக்குத் தச்சர்கள் வைத்த பெயர் மூலைமட்டம். அதன் பக்கத்தில் மூலைவெட்டு இயல்பாக உட்காரும். இந்த வாள் நாள் முழுக்க நேர்வெட்டும் வெட்டுகிறதே என்று கேட்கலாம். ஆங்கிலத்திலும் அதே நிலைதான். அதன் தனித் திறமையால் அதற்குப் பெயர்.

வாள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. போர்க்கருவிக்கும் தச்சுக்கருவிக்கும் தமிழில் அதே சொல்தான். குழப்பம் வேண்டாமென்றால் ஈர்வாள் என்ற பழைய பெயர் இருக்கிறது. ஈர்தல் என்றால் அறுத்துப் பிளத்தல். இன்று பேச்சில் ஓடும் ரம்பம், அரம்பம் என்பதன் தலையிழந்த வடிவம்.

அடுத்தது பெஞ்ச். ஆங்கிலத்தில் உட்காரும் பலகைக்கும் வேலை செய்யும் மேடைக்கும் ஒரே பெயர். அதே குடும்பத்துப் போர்த்துக்கீசியச் சொல் 'பாங்கு' நம்மிடம் வாங்கு ஆகி, இலங்கைத் தமிழில் இன்றும் உட்காரும் பெஞ்சைக் குறிக்கிறது. ஆனால் வாங்கில் வேலை செய்வதில்லை. வேலை செய்வதற்குத் தமிழில் மூத்த சொல் பட்டடை. இரும்பை வைத்து அடிக்கும் தாங்குகட்டை அது. மனம் ஒட்டாதவர் நட்பைத் தாங்குவது போலிருந்து அடிக்க இடம் கொடுக்கும் பட்டடை என்கிறது 821ஆம் குறள். பட்டறை இதே சொல்லின் மறுவடிவம். அடிக்கும் கட்டையின் பெயர் அது இருக்கும் இடத்துக்கும் பரவி, இன்று பயிற்சிப் பட்டறை வரை போய்விட்டது. இடம் பட்டறையாகவே இருக்கட்டும். மேடையை வேலைமேசை எனலாம்.

இப்போது அமெரிக்க வீட்டுக் கராஜுக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் கராஜ் என்றால் வண்டி பழுதுபார்க்கும் இடம். இங்கே வண்டி நிற்கும் அறை. பிரெஞ்சில் 'காரே' என்றால் ஒதுக்கி வைத்தல், அதிலிருந்து வந்த சொல். ஒற்றைக் கார் கராஜ் ஏறக்குறைய 12 அடிக்கு 20 அடி இருக்கும். அதில் காரும் நிற்க வேண்டும், மரவேலையும் நடக்க வேண்டும். மூலைவெட்டு வாளுக்கென்று தனி வேலைமேசை ஏன் என்பது அந்த நெருக்கடியில்தான் புரியும். கருவி சிறியது, மரம் நீளம். 8 அடிச் சட்டத்தை நடுவில் வெட்டினால் இருபக்கமும் நான்கு நான்கு அடி நீண்டு, பெரும்பகுதி காற்றில் தொங்கும். தொங்கினால் முனை தாழும், வெட்டு பிசகும். வாள் அரைப் பாகை பிசகினால் ஒரு வெட்டில் கண்ணுக்கே தெரியாது. படச்சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒரே திசையில் சேர்ந்துகொண்டால் கடைசி மூலையில் 4 பாகை இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும்.

அதனால் மேசையின் இருபுறமும் கீல் போட்ட மடக்குச் சிறகுகள் வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் கீழே மடங்கிவிடும். அடியில் பூட்டுப் போட்ட சக்கரம், சுவரோரம் தள்ளிவிடலாம். சிறகின் மேல்மட்டம் வாளின் மேடை மட்டத்தோடு மயிரிழை பிசகாமல் ஒன்ற வேண்டும். ரசமட்டம் மட்டும் போதாது, நீளமான நேர்சட்டத்தை இரண்டின் மேலும் கிடத்திப் பார்க்க வேண்டும். சிறகில் இருக்கும் அணைக்கட்டையை (மரத்தை அணைத்துப் பிடிக்கும் பின்பக்கக் கட்டை) மட்டும் வாளின் அணைக்கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் லேசாக வளைந்த மரம் சிறகில் இடித்து, வாளை ஒட்டி நிற்காது. ஒரே நீளத்தில் பல துண்டு வேண்டுமானால் சிறகின் மேல் ஒரு தடைக்கட்டையைத் திருகிவிடலாம்.

இன்னும் இடம் போதாதவர்கள் மேசையின் மேற்பலகையை இரும்புத் தண்டில் கோத்துச் சுழலவிடுகிறார்கள். ஒரு முகத்தில் வாள், தலைகீழாகத் திருப்பினால் இழைப்பு மிஷின். இழுத்து வெட்டும் வகை வாளுக்குப் பின்னால் தண்டுகள் நீளும். சுவருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். மரத்தூளும் பின்பக்கம்தான் பறக்கும்.

மூலைவெட்டு என்று எழுதி வைத்தாலும் தச்சர் வாயில் வாள் என்ற பகுதி நிற்காது. மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் அங்கே மிஷின்தான். நாளை யாராவது 'மூலைவெட்டு மிஷினைக் கொண்டா' என்று குரல் கொடுத்தால் எனக்குப் பூரண சம்மதம்.