நொதி: என்சைம் என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்

உயிரணுக்கள் உருவாக்குவதும், உயிரினங்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்துவதும், வினை முடிந்தபின் தான் செலவாகாமல் மீண்டும் அதே வேலைக்கு ஆயத்தமாக நிற்பதுமான பொருள் என்சைம் எனப்படுகிறது. தமிழில் அதற்கு நிலைபெற்றுவிட்ட சொல் நொதி. இலங்கைப் பாடநூல்கள் நொதியம் என்று எழுதும். மிகச் சில நீங்கலாக நொதிகள் அனைத்தும் புரதங்களே.

வேதியியல் நோக்கில் நொதி ஒரு வினையூக்கி. ஒரு வினை தொடங்குவதற்கு வினைபடும் மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றலைப் பெற்றாக வேண்டும். கிளர்வு ஆற்றல் எனப்படும் அந்தத் தடையின் உயரத்தை நொதி குறைத்துவிடுகிறது. நடக்கவே இயலாத வினையை அது நடத்திவைப்பதில்லை. மிக மெதுவாக நடக்கக்கூடியதை உயிர்வாழ்க்கைக்குப் போதிய விரைவில் நடக்கச் செய்கிறது. புண்ணின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடுக் கரைசலை ஒரு துளி விட்டால் உடனே வெண்ணுரை பொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். அதே கரைசல் புட்டிக்குள் மாதக்கணக்கில் ஏறத்தாழ அமைதியாக இருந்ததுதான். இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, வெளியேறும் ஆக்சிஜனே நுரையாக எழுகிறது. கேட்டலேஸின் ஒரே மூலக்கூறு ஒரு நொடியில் பல இலட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது.

என்சைம் என்ற சொல்லுக்கு முன்பே அது குறிக்கும் பொருள் அறியப்பட்டிருந்தது. 1833இல் பிரான்சில் பாயென், பெர்சோ ஆகிய இருவரும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருளைப் பிரித்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். 1836இல் தியோடர் ஷ்வான் இரைப்பைச் சாற்றில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினைக் கண்டார். விலங்குகளின் உடல் உயிரணுக்களால் ஆனது என்ற கொள்கையைச் சில ஆண்டுகளில் முன்வைத்தவரும் இவரே. இத்தகைய பொருள்களும், சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட்டும் அக்காலத்தில் ஃபெர்மென்ட் என்ற ஒரே பெயரால் வழங்கின. நொதித்தல் உயிருள்ள ஈஸ்ட்டின் செயல் என்று லூயி பாஸ்டர் நிலைநாட்டியபின் இந்தப் பொதுப்பெயர் குழப்பம் விளைவித்தது. உயிருள்ள ஈஸ்ட்டுக்கும், உயிரற்ற பெப்சின் போன்ற பொருளுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்? 1870களில் ஜெர்மன் உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கியூனே, பின்னதை மட்டும் குறிக்க என்சைம் என்ற சொல்லைப் படைத்தார். கிரேக்கத்தில் 'என்' என்பது 'உள்ளே'. 'சைமி' என்பது மாவைப் புளிக்கவைக்கும் புளிப்புப்பொருள்.

உயிருள்ளது, உயிரற்றது என்று கியூனே மதித்த அந்த எல்லைக்கோடு நெடுங்காலம் நிற்கவில்லை. ஜெர்மன் வேதியியலாளர் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, உயிரணுக்களை உடைத்து, அழுத்திப் பிழிந்து சாறெடுத்தார். சாறு கெடாமல் இருக்க அதில் சர்க்கரை சேர்க்கப்பட்டது. சற்று நேரத்தில் அதிலிருந்து கார்பன் டைஆக்சைடு குமிழிட்டு வெளிவந்தது. உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாத சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்ததை 1897இல் அவர் வெளியிட்டார். 1907இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஈஸ்ட்டின் செயலும் அதற்குள் இருக்கும் நொதிகளின் செயலே என்பது தெளிவானதால், 'புளிப்புக்குள் இருப்பது' என்ற பெயர் அதைப் படைத்தவர் எண்ணியதைவிடச் செம்மையாகப் பொருந்திவிட்டது.

தமிழ்ச்சொல்லும் இதே வழியில் பிறந்தது. நொதித்தல் என்பது புளித்துக் குமிழியிட்டுப் பொங்குதலைக் குறிக்கும் வினை. அதன் பகுதியே பெயராகி நொதி என நின்றது. வெடித்தலிலிருந்து வெடி, பூட்டுதலிலிருந்து பூட்டு என வினைப்பகுதி பொருளின் பெயராவது தமிழுக்கு இயல்பு. நொதியம் என்பது 'அம்' ஈறு பெற்று, ஏவல்வினையோடு மயங்காமல் பெயரென்று தோன்ற நிற்கிறது. இரண்டும் பிழையற்றவையே ஆயினும், துணைநொதி, நொதித்தடுப்பான், நொதியியல் என்று தொடர்ந்து சொல்லாக்கம் செய்யும்போது நொதி என்ற குறுகிய வடிவம் எளிதாக வளைந்துகொடுக்கிறது என்பது என் கருத்து. ஊக்கி என்றே எழுதலாகாதா என்று கேட்பவர் உண்டு. வினையூக்கி என்பது பிளாட்டினம் போன்ற உலோகங்களையும் உள்ளடக்கும் விரிந்த வகுப்பு. வளர்ச்சியூக்கி என்றாலோ ஹார்மோன் நினைவுக்கு வரும். ஆதலால் ஊக்கி இங்குப் போதாது.

பெயரின் பிறப்பு வெளிப்படையாய் இருப்பதில் ஓர் இடரும் உண்டு. நொதி செயற்படும் இடமெல்லாம் நொதித்தல் நடப்பதாகச் சிலர் எழுதிவிடுகின்றனர். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் மாவுச்சத்தைச் சிதைப்பது செரிமானம். டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் செய்வது தொகுப்பு. இவற்றில் எதுவும் நொதித்தல் அன்று. நொதித்தல் என்பது ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல் சர்க்கரை போன்றவற்றிலிருந்து ஆற்றல் பெறும் ஒரு குறிப்பிட்ட வழிமுறை. அதற்கும் நொதிகள் தேவை என்பதைத் தவிர நொதியோடு அதற்குத் தனி உறவு ஏதும் இல்லை.

தனித்தனி நொதிகளின் பெயர்களில் வரும் 'ஏஸ்' என்னும் ஈறு டயஸ்டேஸ் என்பதன் வாலிலிருந்து வெட்டியெடுத்தது; தனியே அதற்குப் பொருள் கிடையாது. 'பிரித்தல்' என்ற பொருள் முழுக் கிரேக்கச் சொல்லுக்கே உரியது. எனவே லிப்பேஸ், யூரியேஸ் முதலியவற்றை ஒலிபெயர்த்தே எழுதி, பாடம் தொடங்கும் இடத்தில் 'கொழுப்பைச் சிதைக்கும் நொதி' என்பதுபோல் ஒருமுறை விளக்கிவிடுதல் போதுமானது. ரைபோசைம் மட்டும் வேறு வகை: அது புரதமன்று, வினையூக்கும் ஆர்என்ஏ. அதைக் கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோர் 1989இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அதனை ஆர்என்ஏ நொதி என்று தயங்காமல் எழுதலாம். நொதி என்ற சொல்லில் புரதம் என்ற பொருள் எங்கும் இல்லை.