பில்லுக்குள் இன்னொரு பில்

ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கு மின்னஞ்சலில் பில் வருகிறது. திறந்தால் வழக்கமான பிடிஎஃப்தான்: மேலே லோகோ, நடுவில் அட்டவணை, அடியில் மொத்தம் 1.190,00 யூரோ. இப்போது பேப்பர் கிளிப் படத்தை அழுத்தி இணைப்புகளைப் பாருங்கள். ‘ஃபேக்டர்-எக்ஸ்’ என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும். அதே பில்தான், ஆனால் கம்ப்யூட்டர் படிப்பதற்காக எழுதியது.

இந்த ஏற்பாட்டுக்கு ஜெர்மனியில் ‘ட்சுக்ஃபெர்ட்’ என்று பெயர், பிரான்சில் ஃபேக்டர்-எக்ஸ். முதல் பதிப்பு 2014இல் வந்தது. வண்டி இழுக்கும் குதிரையையும் ஜெர்மன் மொழியில் ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் குறும்புக்காரர்கள்!

சரி, எதற்கு இரண்டு? எந்த எழுத்து தாளில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் பிடிஎஃப்பின் முக்கியக் கவலை. எது வரி, எது மொத்தம் என்பதெல்லாம் பார்க்கிறவர் பாடு. அந்த 1.190,00ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர்கள் ஆயிரத்துக்குப் புள்ளியும் காசுக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். மென்பொருள் அந்தப் புள்ளியில் ஏமாந்தால் ஆயிரத்துச் சொச்சம் ஒரு யூரோ சொச்சமாகிவிடும். எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு எண்ணும் பெயர் ஒட்டிய டப்பாவில் இருக்கிறது: வரிக்கு முன் 1000.00, விகிதம் 19, வரி 190.00, மொத்தம் 1190.00. 2025 மார்ச் 5 என்ற தேதி 20250305 ஆகிறது. ‘இது பில்’ என்று சொல்லவே 380 என்று ஒரு குறியீட்டு எண் உண்டு.

பிடிஎஃப்/ஏ என்பது ஆவணங்களை நெடுங்காலம் பாதுகாக்க வந்த வகை. அதன் முதல் பதிப்பில் உள்ளே எந்தக் கோப்பையும் வைக்கக்கூடாது. 2012இல் வந்த மூன்றாம் பதிப்புதான் எந்த வகைக் கோப்பையும் வைக்கலாம் என்று கதவைத் திறந்தது. ட்சுக்ஃபெர்ட் அதன் மேல்தான் நிற்கிறது.

தாளில் ஒரு தொகை, எக்ஸ்எம்எல்லில் வேறு தொகை என்றால்? ஜெர்மனியில் எக்ஸ்எம்எல் சொல்வதுதான் செல்லும். கண்ணுக்குத் தெரியாத பாதிதான் அங்கே அசல். 2025 ஜனவரி 1 முதல், அந்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் இத்தகைய மின்னணு பில்களைப் பெறத் தயாராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் கணக்குப் பிரிவில் ஒரு பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கிறது: வந்த பில்லை ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துச் சேமிப்பது. பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். பேப்பர் கிளிப்பை அழுத்தினால் உள்ளே ஒன்றும் இருக்காது.