தோற்ற டெஸ்ட் காரணம் சொல்லுமா?

பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, தாமிரபரணி அணைகளோட நீர்மட்டத்தைக் காட்டுற ஆப் ஒண்ணு கோட்லின்ல எழுதுதேன். டெஸ்ட் ஃபெயில் ஆனா ‘அசெர்ஷன் ஃபெயில்டு’ன்னு ஒரு வரிதான் வருது. ஏன்னு தெரிய அங்கங்க பிரிண்ட் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கு. வேற வழி கிடையாதா?”

இருக்கிறது. டெஸ்ட் என்பது நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல். அதில் ‘இது உண்மையாக இருக்க வேண்டும்’ என்று சொல்லும் வரிதான் அசெர்ட். அது பொய்யானால் டெஸ்ட் தோற்கும். தம்பி எழுதும் நிரல்மொழியான கோட்லினில் இதற்கு உதவுவது பவர் அசெர்ட் என்ற பிளக்இன், அதாவது கம்பைலரோடு சேர்ந்து ஓடும் துணை நிரல். 2024 மே மாதம் வந்த கோட்லின் 2.0 முதல் கோட்லினோடு சேர்ந்தே வருகிறது. தோற்ற அசெர்ட் தன் கணக்கையே காட்டும் இந்த எண்ணம் முதலில் துளிர்த்தது குரூவி மொழியின் ஸ்பாக் என்ற சோதனைக் கருவியில். நிரலைக் கட்டித்தரும் கிரேடில் கருவியின் பில்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தம்பியின் டெஸ்ட்டைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

அசெர்ட்(மட்டம்[அணை] <= உச்சம்[அணை])

பாபநாசத்தின் உச்சம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. எந்த அணையிலும் நீர்மட்டம் இதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். தாண்டினால் அசெர்ட் ஏன் விவரம் சொல்வதில்லை? அதற்கே தெரியாது. அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் அசெர்ட் அழைக்கப்படுகிறது. அதன் கைக்கு வருவது ‘பொய்’ என்ற ஒரே சொல். வழியில் கிடைத்த எண்கள் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கிறது. நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர், நிரலைப் படித்து உள்ளே ஒரு மரமாக வைத்துக்கொள்ளும். பிளக்இன் அந்த மரத்தில் அசெர்ட் இருக்கும் கிளையைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு துண்டின் விடையையும் ஒரு தற்காலிக மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) போட்டு வைக்கும்படி திருத்தி எழுதுகிறது. மட்டம் ஒரு மாறி, அணை ஒரு மாறி, மட்டம்[அணை] இன்னொன்று. எந்தத் துண்டும் இரண்டாம் முறை கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு துண்டும் மூலவரியில் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்பது கம்பைலருக்குத் தெரியும். அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கோடு இறக்கி, கோட்டின் அடியில் மதிப்பை எழுதிவிடுகிறது. தோற்ற வரியே தன் கணக்கைப் படமாகப் போட்டுக் காட்டுகிறது!

நிபந்தனையில் ‘&&’ (இரண்டு பக்கமும் உண்மையாக வேண்டும் என்ற குறி) இருந்தால் இன்னும் அழகு. இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கம் ஓடவே ஓடாது இல்லையா? படத்திலும் வலப்பக்கத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது. நடந்தது மட்டும்தான் அதில் வரும்.

சும்மா விட்டால் பிளக்இன் அசெர்ட்டை மட்டுமே கவனிக்கும். அசெர்ட்ட்ரூ போன்ற மற்றச் சோதனைக் கட்டளைகளும் வேண்டுமென்றால் அவற்றின் முழுப்பெயரைப் பட்டியலில் கொடுக்க வேண்டும். டெஸ்ட் நிரலை மட்டுமே தொடும் என்பதால் பயனருக்குப் போகும் ஆப்பில் மாற்றம் எதுவும் இருக்காது.

ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். டெஸ்ட் தோற்றதும் “இன்னொரு தடவை ஓட்டு, சரியாயிரும்” என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது மூடநம்பிக்கைதான். காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அது முளைக்கிறது. நம் கல்லூரி லேப்களில் ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் எழுத வைக்கிற நேரத்தில் பாதியை, தோல்விச் செய்தியைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கலாம்.

தம்பி பிளக்இன்னைச் சேர்த்து ஓட்டி, வந்த படத்தை மறுநாள் அனுப்பினார். ‘அணை’க்குக் கீழே மணிமுத்தாறு. ‘மட்டம்’ என்பதன் கீழே முழுப் பட்டியலும் இருந்தது: பாபநாசம் 128, சேர்வலாறு 94, மணிமுத்தாறு 131. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கப்பாதையால் இணைந்த அணைகள். ஒன்றின் தண்ணீர் ஏறினால் மற்றதும் கூடவே ஏறும். அதனால் பாபநாசத்தின் 128-க்குப் பக்கத்தில், சேர்வலாற்றில் நிற்க வேண்டியது 131. நீர்மட்ட அறிக்கையிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கும் நிரலில் சேர்வலாறும் மணிமுத்தாறும் வரிசை மாறியிருந்தன. ஒரு பிரிண்ட்கூடப் போடாமல் தம்பியே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.