சளி டெஸ்ட்ல ஏஎஃப்பி (ஆசிட் ஊத்தினாலும் சாயம் விடாத கிருமி) பாசிட்டிவ்னா டிபிதான்னு யாருங்க சொன்னா?

இந்த மாசம் இது மூணாவது. 58 வயசு அம்மா, முன்னாடி ஒரு தடவ டிபி வந்து சரியானவங்க, மறுபடி இருமல்னு போயி பத்து மாசமா டிபி மாத்திரை முழுங்கிட்டு இருக்காங்க, சளியில கிருமி குறையவே இல்ல, "மருந்துக்கு அடங்காத டிபியா பாருங்க"ன்னு எங்க லேபுக்கு அனுப்பிருக்காங்க. ஃபைலப் புரட்டினா முதல் நாளே ஸ்மியர் (சளியக் கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல பாக்குறது) 2+, அதாவது கிருமி நெறைய, அதே சளியில சிபிநாட் (டிபி கிருமியோட மரபணுவ மட்டும் தேடுற டெஸ்ட்) நெகட்டிவ். ரெண்டு பேப்பரும் ஒரே பின்ல இருக்கு, யாரும் சேர்த்துப் படிக்கல!

மைக்ராஸ்கோப்ல நாங்க பாக்குறது சிவப்புக் குச்சி மட்டும்தாங்க. அந்தச் சாயம் டிபி கிருமிக்கும் ஒட்டும், அதோட பங்காளிங்களுக்கும் ஒட்டும். ஏவியம், அப்செஸ்ஸஸ், கன்சாசின்னு மண்ணுலயும் குழாய்த் தண்ணியிலயும் கிடக்குற கூட்டம் அது, என்டிஎம்னு, அதாவது டிபி அல்லாத மைகோபாக்டீரியான்னு சொல்லுவோம். ஸ்மியர்ல தெரியணும்னா ஒரு மில்லி சளியில 5,000க்கு மேல கிருமி வேணும், சிபிநாட்டுக்கு நூத்திச் சொச்சம் போதும். அவ்ளோ கிருமி இருந்தும் சிபிநாட் இல்லங்குதுன்னா? அது என்டிஎம்மா இருக்கலாம். மெஷின் கோளாறுன்னு சந்தேகமா, ஒரு தடவ ரிப்பீட் பண்ணுங்க, அப்பவும் நெகட்டிவ்னா கல்ச்சர் போடுங்க (கிருமிய வளத்துப் பாக்குறது), என்ன இனம்னும் கேளுங்க. வெறும் "என்டிஎம்"னு ரிப்போர்ட் வாங்கி என்ன பண்றது, ஏவியத்துக்கு ஒரு மருந்து, அப்செஸ்ஸஸுக்கு வேற, அது டிபி மாத்திரைக்கெல்லாம் அசையாது.

அதுக்காக ஒரே ஒரு கல்ச்சர்ல வளந்துச்சுன்னு உடனே என்டிஎம் மருந்த ஆரம்பிச்சிராதீங்க டாக்டர்ஸ். கோர்டோனேன்னு ஒரு என்டிஎம் இனம், அதெல்லாம் பெரும்பாலும் தண்ணியில இருந்து வந்து ஒட்டினது. தொந்தரவு இருக்கணும், சிடியில தெரியணும், தனித்தனியா எடுத்த ரெண்டு சளியில அதே இனம் வளரணும். சளி வராதவங்களுக்கு ப்ராங்கோஸ்கோபில (மூச்சுக்குழாய்க்குள்ள குழாய் விட்டு) கழுவி எடுத்த ஒரு கல்ச்சர் போதும்.

பேஷண்டுகளுக்கு: டப்பால எச்சிலத் துப்பித் தராதீங்க (பாதி டப்பா அப்படித்தான் வருது), காலையில ஆழமா இருமி எடுங்க, அதுக்கு முன்னாடி வாய் கொப்பளிக்கக் குழாய்த் தண்ணி வேணாம், கொதிச்சு ஆறின தண்ணி. இருமலுக்குன்னு மெடிக்கல்ல அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்காதீங்க, ஏவியத்துக்கு நம்ம கையில இருக்குற முக்கியமான மருந்தே அதான், கெடுத்துராதீங்க. அப்புறம் தயவுசெஞ்சு இதப் படிச்சுட்டு டிபி மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க, நம்ம ஊர்ல ஸ்மியர் பாசிட்டிவ்னா பெரும்பாலும் டிபிதான்.

அந்த அம்மாவுக்கு ரெண்டு சாம்பிள்லயும் அப்செஸ்ஸஸ், ஒரு வாரத்துக்குள்ள வளந்துருச்சு. பத்து மாசமா தட்டு டம்ளர் தனியாம், பேரனத் தூக்கவே இல்லையாம். வீட்ல இருக்குறவங்களுக்கு இது பொதுவா ஒட்டாதும்மான்னு சொன்னதும் ரிப்போர்ட்டக் கூட வாங்காம மகனுக்குப் போன் போடப் போயிட்டாங்க.