சுறாவுக்கு முன்னால் வரும் இரண்டு சுரங்கள்

"புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போக வேண்டுமென்று மகள் அடம்பிடிக்கிறாள். நான் 'ஜாஸ்' என்ற சுறாப் படம் பார்த்த நாளிலிருந்து கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அனுப்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சுறாவைப் பற்றிய பதில் சின்னது. மனிதர் சீண்டாமல் சுறா தானாகக் கடித்த சம்பவங்கள் என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பதிவேடு 2024-இல் உறுதிசெய்தவை, உலகம் முழுவதும் சேர்த்து, 47. கடிபட்டவர்களில் பெரும்பாலோர் அலைச்சறுக்கு ஆடியவர்களும் நீந்தியவர்களும்தான். பயத்தைப் பற்றிய பதில்தான் கொஞ்சம் நீளம்.

1975-இல் வெளிவந்த அந்தப் படத்தை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்தபோது, இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே பயமுறுத்த வேண்டியதாயிற்று. அந்த வேலையை ஜான் வில்லியம்ஸின் இசை எடுத்துக்கொண்டது. அரைச்சுர இடைவெளியில் இரண்டே சுரங்கள், மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். (நம் பிள்ளைகள் சரளி வரிசையில் முதலில் பாடும் 'ச ரி'யும் அதே இடைவெளிதான். அங்கே யாரும் அலறுவதில்லை!) மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அதே கதை. 2016-இல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள், சுறாக்கள் சும்மா நீந்தும் ஒரு நிமிடக் காட்சியைச் சிலருக்கு அச்சுறுத்தும் இசையோடும், சிலருக்கு உற்சாகமான இசையோடும், சிலருக்கு இசையே இல்லாமலும் காட்டினார்கள். காட்சி ஒன்றுதான். திகில் இசை கேட்டவர்களுக்கு மட்டும் சுறாக்கள் கூடுதல் பொல்லாதவையாகத் தெரிந்தன.

சரி, தியேட்டரில் ஏறிய பயம் கடலுக்கடியில் என்ன செய்யும்? இங்கேதான் நம் காது வருகிறது. நிலத்தில் வலப்பக்கமிருந்து வரும் சத்தம் வலக்காதை முதலில் தொடும். இடக்காதைச் சேர அதிகபட்சம் 0.0006 நொடிபோலத் தாமதமாகும். அந்த இம்மித் தாமதம்தான் திசையறிய மூளைக்கு முக்கியமான துப்பு. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது. தாமதம் கால்வாசிக்கும் கீழே சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, நம் தலையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அது ஒலியை அவ்வளவாக மறிப்பதுமில்லை. எங்கோ ஒரு படகின் மோட்டார் உறுமினால், எல்லாப் பக்கமும் உறுமுவதுபோல், சில சமயம் மண்டைக்குள்ளேயே உறுமுவதுபோல் கேட்கும். பக்கவாட்டுப் பார்வையை முகக்கண்ணாடி வேறு மறைக்கிறது. இயக்குநர் மெனக்கெட்டு உருவாக்கிய சூழல் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சத்தைப் படம் பார்த்த மூளை நிரப்பிக்கொள்ளும்.

அப்புறம் மூச்சு. சாதாரணக் காற்றைப்போல் சுமார் 200 மடங்கு (200 'பார்') அழுத்தத்தில் அடைத்த 12 லிட்டர் சிலிண்டரில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பதால் 40 லிட்டர் செலவாகும். ஒரு மணி நேரம் தாங்கும். பயந்துபோய் மும்மடங்கு இழுத்தால் இருபதே நிமிடம். இதைவிட மோசம், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வது. 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலிலுள்ள காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும்; நுரையீரலே கிழியலாம். பக்கத்தில் ஒரு சுறாகூட இருக்க வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி' வந்தால்தான் குளியாளிகள் இறங்குவார்கள். இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர்கூட அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மந்திரத்தில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கையில்லை. ஆனால் சிலிண்டர் இல்லாமல் ஒற்றை மூச்சில் இறங்குபவருக்குப் படபடப்பு அடங்கினாலே ஆக்சிஜன் மிச்சம். அந்த வகையில் அது வீண்செலவல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசகர் மகளைத் தாராளமாக அனுப்பலாம். முதலில் நீச்சல்குளத்தில், பயிற்சியாளர் பக்கத்திலிருக்க, நிதானமாக மூச்சுவிடப் பழகட்டும். முத்துக்குளிப்பில் சுறாவைக் கட்டிய மந்திரக்காரருக்குக் கூலி இருபதில் ஒரு முத்து என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்த மந்திரக்காரர்கள் சாயங்காலமானால் மந்திரக்கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுத்துவிடக் கூடாதென்று.