சேலத்தில் வாடகை வீடு: 11 மாத அக்ரிமென்ட்டோடு வேலை முடியவில்லை

மே கடைசியில் அழகாபுரத்திலோ ஃபேர்லேண்ட்ஸிலோ ‘டு-லெட்’ பலகை காலையில் தொங்கினால் மாலையில் இருக்காது. கல்லூரிச் சேர்க்கை, பள்ளித் திறப்பு, வங்கிக்காரர்களின் இடமாற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் டோக்கன் அட்வான்ஸை போனிலேயே அனுப்பிவிட்டு, வீட்டுக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் முத்திரைத்தாளில் அடித்த 11 மாத ஒப்பந்தம். வாடகை அதிகாரி என்ற அரசு அலுவலரிடம் பதிவாகாத வரை, தகராறு வரும் நாளில் அதற்குப் பெரிய பலம் கிடையாது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நிலைமை இதுதான். தட்டச்சுக் கடைகளில் மட்டும் பழைய மாதிரியே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017. பெயர்தான் நீளம், உள்ளே இருப்பது எளிய சங்கதி. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வாடகை எவ்வளவு, எத்தனை மாதம், எப்போது ஏற்றுவது என்பதையெல்லாம் இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்திடமே இது விட்டுவிட்டது. அதனால்தான் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பது முன்பைவிட இப்போது பல மடங்கு முக்கியம்.

11 மாதம் என்பது வேறு சட்டத்தின் கணக்கு

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழிதான் 11 மாதம். தவறில்லை, இன்றும் செல்லும். ஆனால் 2017 சட்டம் கேட்கும் பதிவு அதுவல்ல. ஒப்பந்தம் 11 மாதமானாலும் மூன்று வருடமானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. பதியாத ஆவணத்தை அந்த வாடகைக்கு ஆதாரமாக ஏற்க முடியாது என்கிறது 4ஏ பிரிவு. சார்பதிவாளரிடம் போக வேண்டாம் என்பதை ‘எங்கேயும் பதிய வேண்டாம்’ என்று பலரும் எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பம்.

“எழுத்தெல்லாம் எதுக்குங்க கண்ணு, உங்க வீடு மாதிரி நினைச்சு இருந்துக்கங்க” என்று அன்பாகச் சொல்லும் வீட்டுக்காரர் அம்மாபேட்டையிலும் குகையிலும் இன்னும் உண்டு. மனிதர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் கேட்காவிட்டாலும், நாளை சொத்தைப் பாகம் பிரிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள்.

பதிவது எப்படி

டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். வீட்டுக்காரர்தான் பதிய வேண்டும் என்றில்லை; குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ‘அவர் வரமாட்டேங்கிறார்’ என்று காத்திருக்கத் தேவையில்லை.

படிவத்தில் இரு தரப்பின் பெயர், முகவரி, கைபேசி, பான், ஆதார் எண்கள், வீட்டின் விவரம், சாவி கைமாறிய தேதி, வாடகை, தண்ணீர், மின்சாரம், பராமரிப்புக்கான தனிக் கட்டணங்கள், வீட்டோடு கொடுத்த மரச்சாமான், மின்சாதனங்கள், காலம் ஆகியவை கேட்கப்படும். ஒப்பந்தத்தின் நகலை இணைக்க வேண்டும். ஏற்கப்பட்டதும் பதிவு எண் கிடைக்கும். பின்னால் எந்த நோட்டீஸ் அனுப்பினாலும் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இழுத்தடிப்பு எங்கே வரும் என்றால், பெயரிலும் கதவு எண்ணிலும். ஒப்பந்தத்தில் ‘எஸ். குமார்’, ஆதாரில் ‘குமார் சண்முகம்’ என்றிருந்தால் கேள்வி வரும். பழைய எண், புதிய எண் குழப்பமும் அப்படித்தான். மாநகராட்சி வீட்டு வரி ரசீதில் உள்ள வரிவிதிப்பு எண்ணையும் கதவு எண்ணையும் அப்படியே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கரண்ட் பில்லில் உள்ள மின் இணைப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தாளையும் கேட்டு வாங்குவதில் இன்னொரு லாபம் உண்டு: யார் பெயரில் வீடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வரி கட்டிவரும் வீடுகள் செவ்வாப்பேட்டை, பட்டைக்கோவில் பக்கம் எத்தனையோ. அப்படியானால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது வாடகை வாங்கும் மகனுக்கு மற்றவர்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பும் நேரத்தில் ‘நான் வாங்கவில்லையே’ என்று ஆளுக்கொரு பக்கம் கைவிரிப்பார்கள்.

அட்வான்ஸ்

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது 11ஆம் பிரிவு. வாடகை 9,000 ரூபாய் என்றால் 27,000. ஆனால் அந்தப் பிரிவே ‘வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய’ என்று தொடங்குகிறது. ஆறு மாத அட்வான்ஸுக்கு நீங்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது செல்லும். எனவே ‘மூன்று மாதம்தான் சட்டம்’ என்ற பேச்சு பேரத்துக்கு உதவும். கையெழுத்திட்ட பிறகு உதவாது.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கொடுக்கும்போதே வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கேட்டால், ஒப்பந்தத்திலேயே தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட்டு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். டோக்கன் தொகைக்கு எந்த ஒப்பந்தமும் இருக்காது. ‘இந்த வீட்டுக்கு, அட்வான்ஸில் கழியும், வீடு தராவிட்டால் திரும்பும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குவது நல்லது.

காலி செய்யும்போது ‘பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை கழிச்சிருக்கேன்’ என்பது சேலத்தில் ஏறத்தாழ வழக்கமே ஆகிவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளை அடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும், தண்ணீர்க் குழாய் மாற்றுவதும், வயரிங் வேலையும், கட்டடப் பழுதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கக்கூஸ், வாஷ்பேசின், கீசர் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் எழுதியதுதான் பேசும். அதனால் தட்டச்சுக் கடை மாதிரியில் ‘காலி செய்யும்போது வர்ணச் செலவு வாடகைதாரருடையது’ என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, வேண்டாம் என்றால் அங்கேயே அடித்துவிட்டு இருவரும் ஓரத்தில் கையெழுத்திடுங்கள்.

போக்கியத்துக்கு வீடு எடுப்பவர்களுக்கு

மாத வாடகை இல்லாமல் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் குடியிருப்பது கொண்டலாம்பட்டி, பொன்னம்மாபேட்டை பக்கம் சகஜம். ‘லீஸ்’ என்றும் சொல்வார்கள். பேச்சில் வாடகை போலத் தெரிந்தாலும், கடனுக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கவிடும் அடமானமாகவே அது எழுதப்படுகிறது. சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானத்துக்குப் பதிவு கட்டாயம். ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வெறும் முத்திரைத்தாளை வைத்திருப்பவரின் கையில் இருப்பது வெறும் கைமாற்றுச் சீட்டுதான்.

இங்கே பெரிய ஆபத்து வங்கிக் கடன். வீட்டுக்காரர் அதே வீட்டை ஏற்கெனவே அடமானம் வைத்து, தவணை கட்டாமல் இருந்தால், வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும்போது உங்கள் லட்சங்களுக்கு அது பொறுப்பல்ல. முன்கூட்டியே பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்துக் கடன் வாங்கியதைச் சொல்லும் உரிமை ஆவண ஒப்படைப்புக் குறிப்பாணை பதியப்பட்டால் அதில் தெரியும். ஆனால் எல்லாக் கடனும் பதியப்படுவதில்லை. எனவே மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ‘பத்திரம் லாக்கர்ல இருக்கு’ என்று இரண்டு முறை சொன்னால், வேறு வீடு பாருங்கள்.

கரண்ட், தண்ணீர், பட்டறை

ஒரே காம்பவுண்டில் மூன்று போர்ஷன், ஒரே மின் இணைப்பு, உள்ளே சப்-மீட்டர். இந்த அமைப்பில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் ஒரு விலை வைப்பார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அதனால் மூன்று குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாகக் கூடி, யூனிட் ஏற ஏறக் கூடும் மேல்நிலைக் கட்டணத்துக்குப் போகும். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்பதை வாடகை பேசும்போதே கேளுங்கள். இல்லையென்றால் யூனிட் விலையையும், குடிபுகும் நாளில் சப்-மீட்டரில் இருந்த எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மேட்டூர் தண்ணீர் வராத நாளில் லாரித் தண்ணீர் யார் செலவு, செப்டிக் டேங்க் நிறைந்தால் யார் செலவு என்பவற்றையும்தான்.

வாடகைத் தகராறு வந்ததும் ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டார் அறையைப் பூட்டுவது எல்லாம் இந்தச் சட்டத்தில் தடை. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், கழிப்பிட வசதி போன்றவற்றை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடிவதற்குள்ளேயே வசதியைத் திரும்பத் தரும்படி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும். வீட்டுக்குள் நுழையவும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

சேலத்துக்கே உரிய ஒன்று: குடியிருக்கப் பேசிய வீட்டில் முன்னறையில் கொலுசுப் பட்டறையோ தறியோ போடுவது. வீட்டைப் பேசியதற்கு மாறாகப் பயன்படுத்துவது, காலி செய்யச் சொல்வதற்கு நேரடிக் காரணம். வாயால் சம்மதம் வாங்கியிருந்தாலும் போதாது. ‘குடியிருப்புக்கும் வெள்ளி வேலைக்கும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உள்வாடகை விடுவதற்கும் எழுத்துச் சம்மதம் தேவை.

வாடகை வாங்க மறுத்தால், காலி செய்யச் சொன்னால்

உங்களை வெளியேற்ற நினைக்கும் சிலர் முதலில் செய்வது, வாடகையை வாங்காமல் இருப்பது. பிறகு ‘பாக்கி’ என்று வழக்குப் போடலாம் அல்லவா! இரண்டு மாத வாடகை பாக்கியாகி, நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் அது வெளியேற்றக் காரணம். எனவே வாங்க மறுத்தால் சும்மா இருக்காதீர்கள். அந்த வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம். சாமானை எடுத்து வெளியே வைக்க வீட்டுக்காரருக்கோ அவர் அழைத்துவரும் ஆட்களுக்கோ அதிகாரம் இல்லை. இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் இருந்தால் பழைய நிபந்தனையிலேயே மாதாமாதம் தொடர்வதாகக் கணக்கு, அதிகபட்சம் ஆறு மாதம். வாடகை உரிமை முடிந்த பிறகும் பிடிவாதமாக இருந்தால் இரட்டை வாடகை கட்ட நேரும். 1960 சட்டக் காலத்தில் தாத்தா வாடகைக்கு எடுத்த கடையைப் பேரன் வைத்திருந்த கதை இப்போது எடுபடாது.

ஏற்காடும் விடுதிகளும்

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. சேலம் மாநகராட்சியின் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி மண்டலங்கள், ஆத்தூர், மேட்டூர் போன்ற நகராட்சிகள், பேரூராட்சிகள் இதில் வரும். ஏற்காட்டு மலையில் வீடு எடுப்பவர்கள் வரி ரசீதைப் பாருங்கள். அதைக் கொடுத்தது கிராம ஊராட்சி என்றால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் பேசும். வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். அதனால் அங்கே மூன்று மாத நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது அவசியம். விடுதி, லாட்ஜ், சத்திரம், நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தந்த குடியிருப்பு ஆகியவற்றுக்கும் 2017 சட்டம் பொருந்தாது.

காலி செய்யும் நாளில் சப்-மீட்டர், சுவர், கழிப்பறை ஆகியவற்றைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்புங்கள். ‘சாவி பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸில் இவ்வளவு பாக்கி’ என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். அட்வான்ஸ் திரும்ப வேண்டிய ஒரு மாதம் எந்த நாளில் தொடங்கியது என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.