மனந்திரும்புதல்: மாறுவதா, திரும்புவதா?

தவக்காலம் வந்தால் போதும், பிரசங்க மேடைகளில், சுவிசேஷத்தில் மனந்திரும்புதலுக்கு உள்ள மூலச் சொல்லைப் பற்றி ஒரு கிரேக்கப் பாடம் தொடங்கிவிடும். "மெட்டநோயா. மெட்டா என்றால் மாற்றம், நூஸ் என்றால் மனம். ஆக, மனந்திரும்புதல் என்பது மனமாற்றம். நம் சிந்தனையை மாற்றிக்கொண்டால் போதும்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த விளக்கத்தில் பாதி சரிதான். மீதிப் பாதி, தமிழில் வாய்த்த மிக நல்ல சொல் ஒன்றை வீணடிக்கிறது.

கிரேக்கச் சொல்லின் உறுப்புகள் அவைதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லை உடைத்தால் பொருள் கிடைத்துவிடும் என்பது தவறு. நாற்காலியை உடைத்துப் பார்த்தால் நான்கு கால்தான் கிடைக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட நான்கு கால் உண்டு. ஒரு சொல்லை யார் யாரிடம் எதற்காகச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். யோர்தான் கரையில் மனந்திரும்ப அழைத்த யோவான்ஸ்நானகனின் குரலைக் கேட்டவர்கள் யூதர்கள். அவர்கள் காதில் ஏற்கெனவே இருந்தது தீர்க்கதரிசிகளின் சொல்: ஷூவ். எபிரேயத்தில் அதற்குத் திரும்பு என்று பொருள். ஓசேயா, எரேமியா, யோவேல் எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சுவிசேஷத்தைச் சீரியத்தில் மொழிபெயர்த்தவர்கள், இயேசு பேசிய அரமேயத்துக்கு நெருங்கிய அந்த மொழியில், மெட்டநோயா வரும் இடத்தில் ஷூவ் என்பதன் உடன்பிறப்பான 'தூவ்' என்ற வினையையே வைத்தார்கள். அங்கேயும் திரும்புங்கள் என்பதுதான்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. எபிரேய வேதத்தைப் பழங்காலத்தில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஷூவ் என்பதற்குப் பெரும்பாலும் 'எபிஸ்த்ரெபோ' (திரும்பு) என்ற வேறு வினையைத்தான் பயன்படுத்தினார்கள் என்பார்கள். உண்மை. ஆனால் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு வினைகளும் கைகோத்தே வருகின்றன. அப்போஸ்தலர் 3:19இல் பேதுரு இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அதை "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்கிறது. அப்போஸ்தலர் 26:20இல் பவுலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். மனம் எங்கோ மாறிவிட்டு, கால் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பது அவர்கள் அறியாத ஒன்று.

இப்போது தமிழுக்கு வருவோம். திரும்பு என்ற நம் வினைக்கு இரண்டு வேலை. "திரும்பிப் பார்" என்றால் முகத்தின் திசை மாறுகிறது. "ஊர் திரும்பினான்" என்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டான். ஷூவ் என்பதிலும் இதே இரண்டும் உண்டு. மனந்திரும்புதல் என்ற ஒரே சொல்லில் கிரேக்கம் சொல்லும் மனமும் இருக்கிறது, எபிரேயம் சொல்லும் திரும்பலும் இருக்கிறது. இப்படி ஒரு பொருத்தம் எத்தனை மொழிக்கு வாய்த்திருக்கும்? பக்கத்தில் மலையாளத்தில் மானசாந்தரம் என்கிறார்கள். அதில் மாற்றம் மட்டும்தான்.

மனமாற்றத்துக்கு வருகிறேன். அன்றாடத் தமிழில் மனம் மாறுகிறவர் யார்? நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு, "மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிட்டாங்க" என்று தரகர் வந்து நிற்பார். வீடு விற்கிறேன் என்றவர் முன்பணம் வாங்கும் நாளில் மனம் மாறிவிடுவார். கல்நெஞ்சன் மனம் மாறி நல்லவனாவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் எந்தத் திசை என்று சொல்வதில்லை. எங்கிருந்து எங்கே, யாரிடம் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. எண்ணாகமம் 23:19இல் தேவன் மனம்மாறுகிறவர் அல்ல என்கிறார்கள். சங்கீதம் 110:4இல் கர்த்தர் ஆணையிட்டார், "மனம் மாறாமலுமிருப்பார்". அங்கே எபிரேயத்தில் இருப்பது ஷூவ் அல்ல, 'நாஹம்' (வருந்து, முடிவை மாற்று) என்ற வேறு வினை. ஆகவே அதற்கு மனம் மாறு, மனிதனுக்குச் சொல்லும் அழைப்புக்கு மனந்திரும்பு என்று வேலியிட்டு வைத்தார்கள். 2 கொரிந்தியர் 7:10இல் இன்னும் நுட்பம்: பின்னால் "மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல்" இரட்சிப்புக்கேதுவான "மனந்திரும்புதலை" உண்டாக்கும் துக்கம் என்று ஒரே வசனத்தில் இரண்டு கிரேக்கச் சொற்களுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான் என்றுதான் மத்தேயு 27:3இல் எழுதினார்கள். மனந்திரும்பினான் என்று எழுதவில்லை. வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் அவன் திரும்பவில்லை.

தூய தமிழ் என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. "மனந்திரும்புங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது" என்ற பழைய வசனத்தில் பரலோகராஜ்யமும் சமீபமும் வடமொழி. வினை மட்டும் அப்பட்டமான தமிழ் வினை. 1995இல் வந்த புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மற்றவற்றை அழகாகச் சரிசெய்தது: விண்ணரசு, நெருங்கி வந்துவிட்டது. எவ்வளவு நல்ல தமிழ்! ஆனால் திருத்தத் தேவையில்லாத ஒரே இடத்தையும் தொட்டு, "மனம் மாறுங்கள்" என்று ஆக்கிவிட்டது. இதனால் என்ன இழப்பு என்பது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று புரியும். அன்றைய முதல் வாசகம் யோவேல். அதே திருவிவிலியத்தில் ஆண்டவர் அங்கே "என்னிடம் திரும்பி வாருங்கள்" என்கிறார். அப்புறம் மாற்கு 1:15ஐத் திறந்தால் இயேசு "மனம் மாறி" என்கிறார். யோவேலின் அழைப்பும் இயேசுவின் அழைப்பும் ஒன்று என்பது கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

திருந்துதல் என்று சொல்பவர்களும் உண்டு. "குடியை விட்டுத் திருந்திட்டான்" என்பது நல்ல செய்திதான். ஆனால் லூக்கா 15இன் ஊதாரி மகன் கதையில் தகப்பன், மகன் திருந்தி முடிக்கட்டும் என்று வாசலில் காத்திருக்கவில்லை. தூரத்தில் வரும்போதே ஓடிப் போனார். திரும்பியவன்தான் திருந்துவான், வரிசையை மாற்றிவிட்டால் நற்செய்தி வெறும் நன்னடத்தைச் சான்றிதழாகிவிடும்.

தவம் என்ற பொருளில் புரிந்துகொண்டதும் ஒரு பழைய சிக்கல். லத்தீன் வேதாகமம் 'பேனித்தென்சியாம் ஆகிதே' என்றது. அதைத் தவமுயற்சி செய்யுங்கள் என்றும் படிக்கலாம். 1517இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளில் முதலாவதையே இதற்கு ஒதுக்கினார்: கிறிஸ்து கேட்டது விசுவாசியின் முழு வாழ்நாளுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதை. ஐந்து நிமிடக் காரியமல்ல. கூட்டத்தில் கண்ணை மூடிக் கையை உயர்த்தினால் முடிந்தது என்று சொல்லும் இன்றைய நற்செய்திக் கூட்டங்களுக்கும் அந்த வரி பொருந்தும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று கேட்டால், லூக்கா 3இல் மக்களும் அதையேதான் கேட்டார்கள்: "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" யோவான் அவர்களுக்கு மனோதத்துவம் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடு. வரி வசூலிப்பவன் கட்டளைக்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகன் மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு. வரி வசூலித்த சகேயு கணக்குப் போட்டே காட்டினான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி. கத்தோலிக்க மரபில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று மூன்றும் ஒப்புரவு அருட்சாதனத்தில் இருப்பது இதனால்தான். அறிக்கையோடு எழுந்து வந்துவிட்டு, ஏமாற்றிய பங்காளியின் நிலப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்திருப்பவனை மனம் மாறியவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். திரும்பியவன் என்று சொல்ல வாய் வராது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள வருத்தம் இதுதான். ஆங்கில விளக்கவுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் எழுதுகிறார்கள். முன்னால் இருக்கும் தமிழை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. மனமாற்றம் என்ற சொல் அரசியல் மேடையில் மதமாற்றத்தோடு சேர்த்து உருட்டப்படுவதையாவது யோசித்திருக்கலாம். திருவிவிலியத்துக்கு அடுத்த திருத்தப் பதிப்பு வரும்போது விண்ணரசு அப்படியே இருக்கட்டும். மத்தேயு 3:2, 4:17, மாற்கு 1:15 ஆகிய மூன்று இடங்களிலாவது "மனம் திரும்பு" என்பதை மீண்டும் வைத்தால் யோவேலும் இயேசுவும் மறுபடி ஒரே சொல்லில் பேசுவார்கள்.